முப்பத்தாறு வோல்ற்

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை.
சோளகம் இருக்கிறது.
வைகாசி பிறந்தால் புரட்டாதி மட்டும்
பண்ணைப் பாலத்தின் மேல் படுத்துக் கிடக்கும்.
காலையில் வேலணையால் பட்டணம் போக
முதுகில் கை வைத்துத் தள்ளும்.
பின்னேரம் திரும்பி வர
அதே கை நெஞ்சில்.

பெற்றோல் வரிசையில் அண்ணையின் மோட்டார்சைக்கிள்
மூன்றாம் நாளாய் நின்றது.
நான் மிதித்தேன்.
அல்லைப்பிட்டி வருமுன் இறங்கி
உருட்டத் தொடங்கினேன்.

தண்ணி மோட்டருக்குக் கம்பி சுற்றுவது என் வேலை.
கஸ்தூரியார் வீதி, யூட் அண்ணையின் கடை.
கருகிய சுருளை மணந்து பார்த்தே
எத்தனை மணி நேரம் வறளவிட்டு ஓட்டினார்கள் என்பேன்.
நீர்வேலி வாழைக்கும் புன்னாலைக்கட்டுவன் வெங்காயத்துக்கும்
என் கையால் தண்ணி ஏறுகிறது.
நான் மட்டும் காற்றுக்குள்
சைக்கிளை மாடு மாதிரிக் கொண்டு போவதோ?

பழைய இரும்புக் கடையில் கிடந்தது
கைபிடி முறிந்த மின் ஸ்கூட்டர் ஒன்று.
இருநூற்றைம்பது வாட். சுருள் பச்சையாய் இருந்தது.
சில்லு ஒரு சின்னப்பிள்ளைச் சைக்கிளினது,
கம்பியில் இன்னும் இரண்டு ஊதா மணி;
கழற்ற மனம் வரவில்லை, சத்தம் போடட்டும்.
வங்கி கழித்துவிட்ட பற்றரியில் மூன்று பொறுக்கி
தொடராய் இணைத்தேன்.
சட்டத்துக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்கள்.

"ரெயிலர் எண்டால் இழுபட்டுப் போறது.
உது தள்ளுமெண்டு சொல்லுறாய்?"
கேதாரம் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக் கேட்டார்.
நம்பாமலே ஒட்டித் தந்தார்.
நம்பாததால் பாதிக் காசு.

முதல் நாள் இருக்கைத் தண்டில் ஒரேயொரு மூட்டு.
பள்ளிக்கூட மைதானத்தில் சுவிச்சை அமத்தினேன்
(அது வாசல் மணிச் சுவிச், வேறு கிடைக்கவில்லை).
நான் நேரே போனேன். அது வளைந்து வந்து
பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்த்தது.
பிறகு மண். முழங்கை.
தள்ளுவதற்கும் தள்ளி விழுத்துவதற்கும் நடுவில்
இரண்டு போல்ட்டுத்தான்.
பின்சில்லின் அச்சுக்கு இரு பக்கமும் கை வைத்தோம்:
மேலும் கீழும் ஆடலாம்,
இடம் வலம் திரும்பக் கூடாது.

அன்றைக்குப் பின்னேரம் பண்ணையில்
சோளகம் வழக்கம்போல் நெஞ்சில் கை வைத்தது.
மணியை அடித்தேன்.
யாரோ கதவைத் திறந்த மாதிரி
சைக்கிள் உள்ளே போனது.
நான் சிரித்தேன். வாய்க்குள் உப்பு.

சோதனைச் சாவடியில் மறித்தார்கள்.
பொலிஸ்காரர் இரண்டு முறை சுற்றி வந்தார்.
"இது மோட்டார் வாகனமா?"
"இல்லை, சைக்கிள்."
"மோட்டர் இருக்குது."
"சைக்கிளில் இல்லை. பின்னுக்கு வாறதில இருக்கு."
அவரின் புத்தகத்தில் அதற்குக் கோடு இல்லை.
மூடி வைத்துவிட்டு
குரலைத் தணித்துக் கேட்டார்:
"எவ்வளவு தூரம் போகும்?"
அவருக்குப் பின்னால் சுவரோரம்
அவரின் வண்டி, மூடி திறந்தபடி.

ஆடி அமாவாசைக்கு முதல் நாள்
மண்டைதீவுச் சந்தி கழிய மூச்சு நின்றது.
முந்தின இரவு பத்து மணித்தியாலம் கரண்ட் இல்லை.
வேலிக்கு மேலால் ஒன்பது போன் வந்தது;
ஒன்பதையும் நான்தான் வாங்கிக் கொழுவினேன்.
இப்போது இருபத்திரண்டு கிலோ
பின்னால் பிடித்து இழுக்கிறது,
முன்னால் காற்று, இரண்டு பக்கமும் கடல்.
ஊதா மணிகள் டிக், டிக் என்று
ஒவ்வொரு சுற்றையும் எண்ணிக் காட்டின.

மண்ணெண்ணெய் மணத்தது முதலில்.
பிறகு இருமிக்கொண்டு ஒரு மோட்டார்சைக்கிள்.
பெடியன் ஒன்றும் கேட்கவில்லை,
வலது காலை நீட்டி
கட்டில் காலில் ஊன்றினான்.
தள்ளுவதை அவன் தள்ள
அது என்னைத் தள்ள
மண்கும்பான் வரைக்கும் ஒரே புகை.
இரண்டு முறை அவன் செருப்பு வழுக்கியது.
சந்தியில் காலை எடுத்தான், போய்விட்டான்.

நாளைக்குக் கேதாரத்திடம் சொல்ல வேண்டும்,
பின்சட்டத்தில் ஒரு தகடு ஒட்ட,
செருப்பு வழுக்காமல் கோடு கீறி.